லீக் டூ சீசனை முதன்முறையாகப் பின்தொடர்வது எப்படி? 46 ஆட்டங்களுக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்துக் கால்பந்து என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது பிரீமியர் லீக்கின் 20 அணிகள்தான். அதற்குக் கீழே 72 கிளப்புகள் இன்னொரு உலகத்தில் விளையாடிக்கொண்டிருக்கின்றன. சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று மூன்று டிவிஷன்கள், ஒவ்வொன்றிலும் 24 அணிகள். இவற்றை நடத்தும் இ.எஃப்.எல். (இங்கிலீஷ் ஃபுட்பால் லீக்) என்பது 1888-ல் தொடங்கிய பழைய ஃபுட்பால் லீக்தான். இந்தக் கட்டுரை நாலாம் படியான லீக் டூவைப் பற்றியது.

ஏன் நாலாம் படி? ஒரு கிளப்பின் தலையெழுத்து எவ்வளவு சீக்கிரம் மாறும் என்பதை இங்கே கண்கூடாகப் பார்க்கலாம். கார்லைல் யுனைடெட் 2023-ல் பிளே-ஆஃப் வென்று லீக் ஒன்னுக்கு ஏறியது. 2024-ல் அங்கிருந்து இறங்கியது. 2025-ல் லீக் டூவிலிருந்தும் இறங்கி, இ.எஃப்.எல்.லையே விட்டு வெளியேறியது. அதே மூன்று ஆண்டுகளில் ரெக்ஸம் வரிசையாக மூன்று முறை மேலே ஏறியது. கார்லைல் கீழே வந்துகொண்டிருந்த படிக்கட்டில்தான் ரெக்ஸம் மேலே போய்க்கொண்டிருந்தது.

இந்த டிவிஷனை ஹைலைட்ஸ் பார்த்தும் புள்ளிப்பட்டியலை எட்டிப் பார்த்தும் புரிந்துகொள்ள முடியாது. ஒரே ஒரு கிளப்பைப் பிடித்துக்கொண்டு, அதன் 46 ஆட்டங்களையும் நோட்டுப் போட்டுத் தொடர வேண்டும். அதற்கான வழியைத்தான் மாத வரிசையில் சொல்லப்போகிறோம்.

முதலில் கணக்கு தெரிய வேண்டும்

ஒவ்வோர் அணியும் மற்ற 23 அணிகளுடன் சொந்த மைதானத்தில் ஒன்று, வெளியூரில் ஒன்று என மொத்தம் 46 ஆட்டங்கள் ஆடும். வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1. புள்ளி சமமானால் கோல் வித்தியாசம், அதுவும் சமமானால் அடித்த மொத்த கோல்.

முதல் மூன்று இடங்களில் முடிப்பவை நேரடியாக லீக் ஒன்னுக்குப் போகும். 4 முதல் 7 வரை முடிப்பவை பிளே-ஆஃபில் மோதி, அவற்றில் ஒன்று மேலே போகும். கடைசி இரண்டு அணிகள் ஐந்தாம் படியான நேஷனல் லீகுக்கு இறங்கும். லீக் ஒன்னிலிருந்து நான்கு அணிகள் இறங்கி வரும், நேஷனல் லீகிலிருந்து இரண்டு அணிகள் ஏறி வரும். ஆக, ஒவ்வொரு கோடையிலும் 24-ல் 6 அணிகள் புதியவை. போன வருடம் தெரிந்துவைத்த டிவிஷன் இந்த வருடம் இருக்காது என்பதற்கு இதுவே முதல் காரணம்.

இந்த எண்ணிக்கைகளை மற்ற டிவிஷன்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். லீக் ஒன்னில் நேரடியாக ஏறுபவை இரண்டு மட்டுமே, இறங்குபவை நான்கு. புதியவர்கள் பலர் மூன்றாம் இடத்தில் இருக்கும் லீக் ஒன் அணியைப் பார்த்து ‘ஏறிவிட்டார்கள்’ என்று கொண்டாடிவிடுவதுண்டு.

ஜூன்: கிளப்பைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே கிளப். இரண்டு வேண்டாம். இரண்டு கிளப்பைத் தொடர்ந்தால் டிசம்பருக்குள் இரண்டும் கையை விட்டுப் போய்விடும், ஏனென்றால் இங்கே சில வாரங்களில் செவ்வாய், சனி, மறுபடி செவ்வாய் என்று ஆட்டம் வரும்.

பட்டம் வெல்லும் என்று எல்லோரும் சொல்லும் அணியைத் தவிர்ப்பது நல்லது. நடுவில் முடிக்கும் அணியைத் தொடர்ந்தால்தான் மேலே போகும் சண்டை, கீழே விழும் பயம் இரண்டையும் ஒரே சீசனில் பார்க்க வாய்ப்பிருக்கும். கிளப்பின் சங்கதி பிடித்துப்போய்த் தேர்ந்தெடுப்பதும் நல்ல வழிதான். கிரிம்ஸ்பி டவுன் என்ற பெயரில் ஆடும் கிளப்பின் மைதானமான பிளண்டெல் பார்க், கிரிம்ஸ்பியில் இல்லை. பக்கத்து ஊரான கிளீதார்ப்ஸில் கடலோரமாக இருக்கிறது. வேல்ஸிலுள்ள நியூபோர்ட் கவுண்டி ஒரு ரக்பி அணியோடு மைதானத்தைப் பங்குபோட்டு ஆடுகிறது. ஏ.எஃப்.சி. விம்பிள்டன், பழைய விம்பிள்டன் கிளப்பை மில்டன் கீன்ஸுக்கு மாற்ற அனுமதி கிடைத்த 2002-ல் ரசிகர்களே தொடங்கிய கிளப். ஒன்பதாம் படியில் ஆரம்பித்து 2011-ல் லீகுக்குள் வந்தது. மில்டன் கீன்ஸுக்குப் போன அந்த அணியும் இதுவும் லீக் டூவிலேயே நேருக்கு நேர் ஆடிய சீசன்கள் உண்டு.

லண்டனில் இருக்கும் தமிழர்களுக்கு இன்னொரு வசதி. ஈழத்தமிழர்கள் நிறைய வாழும் ஹாரோ பகுதியிலேயே பார்னெட் கிளப்பின் ‘தி ஹைவ்’ மைதானம் இருக்கிறது. 2025-ல் நேஷனல் லீகை வென்று லீக் டூவுக்குத் திரும்பிய அணி அது. பிரீமியர் லீக் டிக்கெட்டுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் ஊரில், நிலத்தடி ரயிலில் போய்ப் பார்க்கக்கூடிய தொழில்முறைக் கால்பந்து இது.

தேர்ந்தெடுக்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள்: அந்த ஊர்ப் பத்திரிகையில் கிளப்புக்கென்றே ஒரு நிருபர் இருக்கிறாரா? ஆட்டத்துக்கு முந்தைய பேட்டி, காயமடைந்தோர் விவரம், ஒப்பந்தச் செய்தி எல்லாம் அவரிடமிருந்துதான் வரும். தேசியப் பத்திரிகைகள் லீக் டூவுக்கு நாலு வரிக்கு மேல் ஒதுக்குவது அபூர்வம்.

ஜூன் கடைசி: அட்டவணையும் நம் கடிகாரமும்

ஜூனில் அட்டவணை வந்துவிடும். சீசன் ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆரம்பித்து மே முதல் வாரத்தில் முடியும். வழக்கமான நேரம் சனிக்கிழமை அந்த ஊர் மாலை 3 மணி. வார நாளில் என்றால் செவ்வாய் இரவு 7.45.

இந்தியா, இலங்கை நேரத்துக்கு மாற்றும்போதுதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும், அக்டோபர் கடைசி ஞாயிறன்று பின்னே இழுக்கும். ஆகவே ஆகஸ்ட் முதல் அக்டோபர் கடைசி வரை 3 மணி ஆட்டம் நமக்கு மாலை 7.30. நவம்பர் முதல் மார்ச் கடைசி வரை அதே ஆட்டம் இரவு 8.30. செவ்வாய் இரவு ஆட்டம் கோடையில் நள்ளிரவு 12.15, குளிர்காலத்தில் 1.15. அதாவது நம் நாட்காட்டியில் அது புதன்கிழமை. கைபேசி நாட்காட்டியில் பதியும்போது ‘லண்டன் நேரம்’ என்று குறித்துப் பதியுங்கள். இந்திய நேரம் போட்டுப் பதிந்தால் நவம்பரில் எல்லாம் ஒரு மணி நேரம் பிசகும். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்குச் சனிக்கிழமை ஆட்டம் கோடையில் இரவு 10, குளிர்காலத்தில் 11.

ஜூனில் வரும் தேதிகளைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2024–25-ல் தொடங்கிய ஸ்கை ஒளிபரப்பு ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட இ.எஃப்.எல். ஆட்டங்கள் நேரலையாகின்றன. அதற்காகச் சனிக்கிழமை 3 மணி ஆட்டம் மதியம் 12.30-க்கு மாறுவது சகஜம். ஏன் 3 மணியிலேயே காட்டக் கூடாது என்றால், பிரிட்டனுக்குள் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை கால்பந்து நேரலைக்குத் தடை இருக்கிறது. மக்கள் வீட்டில் உட்காராமல் உள்ளூர் மைதானத்துக்குப் போக வேண்டும் என்பது அதன் நோக்கம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்தத் தடை பொருந்தாது. எந்த நாட்டில் எந்த வழியாகப் பார்க்கலாம் என்பதைக் கிளப்பின் இணையதளத்தில் டிக்கெட், வீடியோ பகுதியில் பாருங்கள். ஒலி வர்ணனை மட்டும் குறைந்த விலையில் கிடைத்தால் அதை வாங்குங்கள். வானொலி வர்ணனையில் கேட்டே ஒரு சீசனை முழுதாகப் பின்தொடரலாம்.

ஜூலை: யார் ஆடுகிறார்கள் என்று எழுதிவையுங்கள்

லீக் டூ அணியில் மூன்று வகை ஆட்டக்காரர்கள் இருப்பார்கள். கிளப்போடு ஒப்பந்தம் உள்ளவர்கள், பெரிய கிளப்பிலிருந்து கடனாக வந்தவர்கள், கிளப்பின் சொந்தப் பயிற்சிக் கூடத்தில் வளர்ந்த இளைஞர்கள். பெயருக்குப் பக்கத்தில் எந்த வகை என்று குறியுங்கள். ஒப்பந்தக்காரருக்கு அது எந்த ஆண்டு முடிகிறது என்றும் எழுதுங்கள். ஒப்பந்தங்கள் பொதுவாக ஜூன் 30 அன்று முடியும். இந்த டிவிஷனில் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தங்களே அதிகம். ஒப்பந்தம் முடியும் ஆண்டில் ஜனவரி வந்ததும், நன்றாக ஆடும் வீரரைச் சும்மா இழப்பதா, கிடைத்த விலைக்கு விற்பதா என்ற கேள்வி கிளப்பின் முன் நிற்கும். உங்கள் பட்டியலில் அந்தப் பெயர்களுக்குச் சிவப்புக் கோடு போட்டுவைத்தால் ஜனவரிச் செய்திகள் திடீரென்று வந்ததாகத் தோன்றாது.

கடன் வீரர்களுக்குத் தனி நிறம். இவர்களில் பெரும்பாலோர் 19, 20 வயதுக்காரர்கள். மேல் டிவிஷன் கிளப்புகள் ஆட்ட அனுபவம் கிடைக்கட்டும் என்று அனுப்பிவைப்பவர்கள். ஒப்பந்தத்தில் இடம் இருந்தால் ஜனவரியில் தாய் கிளப் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கீழே வால்சால் கதையில் பார்ப்போம்.

ஜூலையில் நடக்கும் நட்பு ஆட்டங்களின் முடிவுகளைப் பதிய வேண்டாம். பாதி அணி ‘பயிற்சி வீரர்’ என்று பெயர் சொல்லாமல் ஆடும். யார் எந்த இடத்தில் ஆடினார் என்பதை மட்டும் கவனியுங்கள்.

நோட்டு: ஓர் ஆட்டத்துக்கு ஒரு வரி

நோட்டோ எக்செல் தாளோ, எது கைக்கு வசதியோ அது. கட்டங்கள் இவ்வளவு போதும்:

- ஆட்ட எண் (1 முதல் 46), தேதி, எதிரணி, சொந்த ஊரா வெளியூரா
- ஸ்கோர், கோல் விழுந்த நிமிடங்கள்
- கோல் எப்படி வந்தது: கார்னர், ஃப்ரீகிக், நீண்ட த்ரோ, பெனால்டி, ஓட்டத்தில் வந்தது
- மஞ்சள், சிவப்பு அட்டைகள்
- இதுவரை மொத்தப் புள்ளி, ஆட்டத்துக்குச் சராசரிப் புள்ளி
- பின்குறிப்பு, ஐந்தாறு சொற்களுக்குள்

உதாரணமாக பிராட்ஃபோர்டு சிட்டியைத் தொடர்ந்தவர் 2024–25-ன் கடைசி வரியை இப்படி எழுதியிருப்பார்: ‘46, மே 3, ஃப்ளீட்வுட், சொந்த ஊர், 1–0, சார்செவிச் 96-வது நிமிடம், 78 புள்ளி, சராசரி 1.70, 3-ம் இடம்.’

மூன்றாவது கட்டத்தை மட்டும் தவறவிடாதீர்கள். லீக் டூவில் கோல்களில் கணிசமான பங்கு பந்தை நிறுத்திவைத்து ஆடும் சூழல்களிலிருந்து பிறக்கிறது. பத்து ஆட்டம் பதிந்ததும் உங்கள் அணி எங்கே கோல் வாங்குகிறது என்பது தெரிந்துவிடும். கார்னரில் தொடர்ந்து கோல் வாங்கும் அணி, புது ஸ்ட்ரைக்கர் வாங்கிப் பயனில்லை.

ஆட்டத்தில் எதைப் பார்ப்பது

பிரீமியர் லீக் கண்ணோடு பார்த்தால் முதல் இருபது நிமிடம் பந்து காற்றிலேயே இருப்பதுபோல் தோன்றும். தூக்கி அடித்த பந்தை யார் தலையால் முட்டுகிறார் என்று பார்க்காமல், முட்டிய பிறகு அது எங்கே விழுகிறது, அங்கே யார் நிற்கிறார் என்று பாருங்கள். ஆட்டத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது பந்துதான். நல்ல லீக் டூ அணியில் உயரமான ஸ்ட்ரைக்கரைச் சுற்றி மூன்று பேர் எப்போதும் பத்துப் பன்னிரண்டு அடிக்குள் இருப்பார்கள். மோசமான அணியில் அவர் தனியாக நிற்பார். அவர் முட்டிய பந்து ஒவ்வொன்றும் எதிரணிக்கே போகும்.

அடுத்தது நீண்ட த்ரோ. எதிரணியின் பெனால்டி பாக்ஸ் பக்கமாகப் பந்து வெளியே போனதும் ஓர் ஆட்டக்காரர் பந்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு பின்னே நகர்வார், உயரமான தடுப்பாளர்கள் இருவர் பின்னாலிருந்து ஓடி வருவார்கள். வெறும் த்ரோதானே என்று விட்டுவிடாதீர்கள். நேராகத் த்ரோவிலிருந்து பந்தை வாங்குபவருக்கு ஆஃப்சைடு கிடையாது என்பதால், கோல்கீப்பரின் முகத்துக்கு முன்னாலேயே ஆள் நிறுத்திவைக்கலாம்.

லீக் ஆட்டங்களில் வீடியோ நடுவர் கிடையாது. நடுவர் ஊதினால் ஊதியதுதான். மறு ஒளிபரப்புக்காக ஆட்டம் நான்கு நிமிடம் நிற்காது, கோல் விழுந்ததும் நிம்மதியாகக் கத்தலாம். மாற்று ஆட்டக்காரர்கள் ஐந்து பேர். அவர்களை ஆட்டத்தின் நடுவே மூன்று தடவையில், இடைவேளையையும் சேர்த்தால் நான்கில், இறக்க வேண்டும்.

ஆகஸ்ட் முதல் அக்டோபர்: பட்டியலை நம்பாதீர்கள்

முதல் பத்து ஆட்டங்களில் ஒரு வெற்றி ஐந்தாறு இடங்களை மாற்றிவிடும். அதுவரை இடத்தைப் பார்க்காமல், சராசரிப் புள்ளியைப் பாருங்கள். அளவுகோல் இதோ.

ஆட்டத்துக்கு 2 புள்ளி என்றால் சாம்பியன் வேகம். 2023–24-ல் ஸ்டாக்போர்ட் கவுண்டி சரியாக 92 புள்ளி எடுத்து வென்றது, சராசரி 2.00. 2024–25-ல் டான்காஸ்டர் ரோவர்ஸ் 84 புள்ளியிலேயே, சராசரி 1.83-ல், பட்டம் வென்றது. நேரடியாக ஏற 1.7-லிருந்து 1.9 வரை வேண்டும்: மூன்றாம் இடத்துக்கு ஓராண்டு மான்ஸ்ஃபீல்டுக்கு 86 புள்ளி தேவைப்பட்டது, மறு ஆண்டு பிராட்ஃபோர்டுக்கு 78 போதுமானதாக இருந்தது. பிளே-ஆஃபின் கடைசி இடமான ஏழுக்கு இந்த இரண்டு சீசன்களிலும் 70 புள்ளி, அதாவது 1.52. பிழைத்திருக்க 1.1 போதும்: 2022–23 முதல் 2024–25 வரை மூன்று சீசன்களில் கீழே இறங்கிய எந்த அணியும் 43 புள்ளியைத் தாண்டவில்லை. ஐம்பது புள்ளியைத் தொட்டுவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

அட்டவணையின் சாய்வையும் கணக்கில் எடுங்கள். முதல் பத்தில் ஆறு சொந்த ஊர் ஆட்டம் ஆடிய அணியும் நான்கு ஆடிய அணியும் ஒரே புள்ளியில் இருந்தால் அவை சமம் அல்ல. பயணம் இந்த டிவிஷனில் நிஜமான சுமை. வடமேற்குக் கடலோரத்தில் இருக்கும் பேரோவிலிருந்து தென்கிழக்கே ஜில்லிங்ஹாமுக்குச் சாலை வழியாகச் சுமார் 500 கிலோமீட்டர். செவ்வாய் இரவு அப்படி ஓர் ஆட்டம் ஆடிவிட்டு விடிகாலையில் வீடு திரும்பும் அணி, சனிக்கிழமை கால் கனத்துத்தான் ஆடும்.

கோப்பைகள்: மூன்று, மூன்றுக்கும் மூன்று மதிப்பு

லீக் கோப்பையின் முதல் சுற்று ஆகஸ்டிலேயே வந்துவிடும். 90 நிமிடத்தில் சமன் என்றால் நேராகப் பெனால்டி. பெரிய கிளப்புகள் இளம் அணியை இறக்குவதால் அதிர்ச்சி முடிவுகள் வருவதுண்டு, ஆனால் எல்லாவற்றையும் அந்தக் காரணத்தில் அடக்கிவிட முடியாது. 2025 ஆகஸ்ட் 27 அன்று லீக் டூவின் கிரிம்ஸ்பி, மான்செஸ்டர் யுனைடெட்டுடன் 2–2 என்று சமன் செய்து, பெனால்டியில் 12–11 என்று வென்றது. 2013-ல் பிராட்ஃபோர்டு சிட்டி நாலாம் படியிலிருந்து இறுதி ஆட்டம் வரை போய் ஸ்வான்சியிடம் தோற்றது.

எஃப்.ஏ. கோப்பையில் லீக் டூ அணிகள் நவம்பரில் முதல் சுற்றிலேயே நுழைகின்றன. இரண்டு சுற்று தாண்டினால் ஜனவரி மூன்றாம் சுற்றில் பிரீமியர் லீக் கிளப் கிடைக்க வாய்ப்பு உண்டு. அப்படி ஒரு வெளியூர் ஆட்டம் கிடைத்தால் நுழைவுக் கட்டணத்தில் வரும் பங்கு, சிறிய கிளப்புக்குப் பல மாதச் சம்பளத்தைத் தாங்கும். ஆகவே மேலாளர் லீகில் தடுமாறும்போதும் இந்த ஆட்டத்துக்கு முழு அணியை இறக்கினால் ஆச்சரியப்படாதீர்கள்.

மூன்றாவது இ.எஃப்.எல். டிராஃபி. லீக் ஒன், லீக் டூவின் 48 அணிகளோடு பெரிய கிளப்புகளின் 21 வயதுக்குட்பட்டோர் அணிகள் 16 சேர்ந்து, நான்கு நான்காகப் பிரிந்து ஆடும். சமன் ஆனால் பெனால்டி. அதில் வென்றவருக்கு 2 புள்ளி, தோற்றவருக்கு 1. 2016-ல் இளையோர் அணிகளைச் சேர்த்ததை எதிர்த்துப் பல ரசிகர்கள் இன்றும் குழு ஆட்டங்களுக்குப் போவதில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறோம். ஆனால் புதியவருக்கு அது பயனுள்ள ஆட்டம்: மாற்றுக் கோல்கீப்பர், பயிற்சிக் கூடத்துப் பையன்கள் எல்லாரையும் அங்கேதான் பார்க்க முடியும்.

அட்டைக் கணக்கு

லீகில் முதல் 19 ஆட்டத்துக்குள் 5 மஞ்சள் வாங்கியவருக்கு ஓர் ஆட்டத் தடை. 37-க்குள் 10 வாங்கினால் இரண்டு ஆட்டம். 46-க்குள் 15 என்றால் மூன்று. நேரடிச் சிவப்பில் வன்முறைக்கு மூன்று ஆட்டம், கோல் வாய்ப்பைத் தடுத்ததற்கு ஒன்று. இரண்டு மஞ்சளால் வந்த சிவப்புக்கும் ஒன்று. நோட்டில் அட்டைக் கட்டத்தைச் சரியாகப் பதிந்திருந்தால், 18-வது ஆட்டத்தில் நான்கு மஞ்சளோடு இருக்கும் நடுக்கள வீரர் ஏன் தடுப்பாட்டத்தில் பின்வாங்குகிறார் என்பது மற்றவர்களுக்கு முன் உங்களுக்குப் புரியும்.

குளிர்காலம்: ஒத்திவைப்பும் ஜனவரியும்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தரை உறைந்தோ நீர் தேங்கியோ ஆட்டங்கள் ரத்தாகும். லீக் டூ மைதானங்கள் பலவற்றில் தரைக்கு அடியில் சூடேற்றும் குழாய்கள் கிடையாது. இரவே துணி விரித்து மூடிவைப்பார்கள். காலையில் நடுவர் வந்து தரையைப் பார்ப்பார். நிழல் விழும் மூலையில் குதிகால் பதியவில்லை என்றால், மீதி மைதானம் நன்றாக இருந்தாலும் ஆட்டம் கிடையாது. செயற்கைப் புல் போட்டால் தீர்ந்ததே என்று கேட்கலாம். இ.எஃப்.எல்.லில் அதற்கு அனுமதி இல்லை. 2020-ல் முதன்முறையாக லீகுக்கு ஏறிய ஹாரோகேட் டவுன், தன் செயற்கைத் தரையைப் பெயர்த்து இயற்கைப் புல் போட்டு முடிக்கும்வரை டான்காஸ்டர் மைதானத்தில் ஆட வேண்டியிருந்தது.

சர்வதேச ஆட்ட வாரங்களில் லீக் டூ பொதுவாக நிற்காது. ஆனால் ஒரு கிளப்பிலிருந்து மூன்று பேர் நாட்டு அணிகளுக்கு அழைக்கப்பட்டால் அந்தக் கிளப் ஆட்டத்தைத் தள்ளிவைக்கக் கேட்கலாம்.

இப்படித் தள்ளிப்போன ஆட்டங்களால் பிப்ரவரியில் ஓர் அணி 30 ஆட்டமும் இன்னொன்று 27 ஆட்டமும் ஆடியிருக்கும். மீதமுள்ள மூன்றை ‘ஒன்பது புள்ளி’ என்று கூட்டிவிடாதீர்கள். அந்த அணியின் சராசரியால் பெருக்குங்கள்: சராசரி 1.5 என்றால் மூன்று ஆட்டத்துக்கு நாலரை. அதோடு அந்த ஆட்டங்கள் மார்ச்சில் செவ்வாய் இரவுகளில் திணிக்கப்படும் என்பதால் களைப்புக்கும் கொஞ்சம் கழிக்க வேண்டும்.

இனி ஜனவரி. 2024–25-ல் வால்சால் அணி ஜனவரி நடுவில் 12 புள்ளி முன்னிலையோடு முதலிடத்தில் இருந்தது. அவர்களின் ஸ்ட்ரைக்கர் நேத்தன் லோ, ஸ்டோக் சிட்டியிலிருந்து கடனாக வந்தவர், லீகில் 15 கோல் அடித்திருந்தார். ஜனவரியில் ஸ்டோக் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அதன் பிறகு வால்சாலின் வெற்றிகள் வறண்டன. அவர் போனது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, காயங்களும் தன்னம்பிக்கைச் சரிவும் சேர்ந்திருக்கும். ஆனால் கடன் வீரர் ஒருவர் தோளில் கோல் கணக்கை ஏற்றிவைத்த அணிக்கு ஜனவரி என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. உங்கள் பட்டியலில் தனி நிறம் போட்டவர்கள் மொத்த கோல்களில் எத்தனை சதவீதம் அடித்திருக்கிறார்கள் என்று டிசம்பர் 31 அன்று கணக்கிடுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என்றால் கவலைப்படலாம்.

வீரர்களை வாங்கி விற்கும் காலமான ‘சாளரம்’ மூடிய பிறகு கிளப் இல்லாதவர்களை மட்டுமே சேர்க்க முடியும். கோல்கீப்பருக்கு ஒரு விதிவிலக்கு உண்டு: இருப்பவர்கள் எல்லாரும் காயமானால் அவசரக் கடனாக ஏழு நாளுக்கு ஒருவரை வாங்கலாம். 1999 மே 8 அன்று, சிறப்பு அனுமதியோடு கடனாக வந்த கோல்கீப்பர் ஜிம்மி கிளாஸ், கடைசி ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் எதிரணி பாக்ஸுக்கு ஓடிப்போய் கோல் அடித்து, கார்லைலை லீகிலேயே தக்கவைத்தார். கார்லைல்காரர்கள் இன்றும் அந்தத் தேதியை மறக்கவில்லை.

பட்டியலில் திடீர்ச் சரிவு: மைதானத்துக்கு வெளியே நடப்பவை

கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போனால் 12 புள்ளி வெட்டு. சம்பளம் தாமதம், கணக்கு தாக்கல் செய்யாதது போன்றவற்றுக்கும் வெட்டு உண்டு. உள்ளூர் நிருபர் ‘சம்பளம் தாமதம்’ என்று எழுதினால் அதை ஆட்டச் செய்தியைவிடக் கவனமாகப் படியுங்கள். 1894 முதல் லீகில் இருந்த பெரி கிளப், உரிமையாளர் கிளப்பை நடத்தப் பணம் இருப்பதை நிரூபிக்க முடியாததால் 2019 ஆகஸ்ட் 27 அன்று வெளியேற்றப்பட்டது. 2025-ல் லீக் டூவிலிருந்து இறங்கிய மோர்கம், அந்தக் கோடையில் நேஷனல் லீகால் இடைநிறுத்தப்பட்டு, ஆகஸ்டில் புது உரிமையாளர் கைக்கு வந்த பிறகே மூச்சுவிட்டது. இத்தகைய நிலைமைகளைத் தடுக்கத்தான் 2025-ல் பிரிட்டன் நாடாளுமன்றம் கால்பந்துக்கென்று தனி ஒழுங்குமுறை அமைப்பை உருவாக்கும் சட்டம் இயற்றியது.

நேரில் போவதென்றால்

டிக்கெட் விலை பெரியவருக்குப் பெரும்பாலும் 20 பவுண்டுக்கு மேல், 30-க்குள். பெரும்பாலான ஆட்டங்களுக்கு அன்று காலை வாங்கினாலும் கிடைக்கும். சில மைதானங்களில் நின்று பார்க்கும் படிக்கட்டுப் பகுதி இன்னும் இருக்கிறது. ஒருமுறையாவது அங்கே நின்று பாருங்கள், கோல்கீப்பர் தன் தடுப்பாளர்களைத் திட்டுவது காதில் விழும். வெளியூர் ரசிகர் பகுதி தனி. அதில் உள்ளூர் அணியின் சட்டையோடு நுழைய முடியாது, மாறியும் அப்படியே. ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் மது அருந்தக் கூடாது என்பது 1985 முதல் சட்டம். ஜனவரியில் கான்கிரீட்டின் குளிர் காலுறை வழியாக ஏறும், ஆகவே இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை. கடையில் சூடாக ஊற்றித் தரும் ‘போவ்ரில்’ மாட்டிறைச்சிச் சாறு. சைவர்கள் தெரியாமல் வாங்கிவிட வேண்டாம்.

மே: கடைசி நாளும் பிளே-ஆஃபும்

46-வது ஆட்டங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தொடங்கும். உங்கள் ஆட்டத்தோடு இன்னும் இரண்டின் ஸ்கோரைத் திறந்துவையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். 2025 மே 3 அன்று வால்சால் தன் கடைசி ஆட்டத்தை க்ரூவில் 1–0 என்று வென்றுவிட்டது. பிராட்ஃபோர்டு ஆட்டம் 0–0. அப்படியே முடிந்திருந்தால் வால்சால் மேலே போயிருக்கும். 96-வது நிமிடத்தில் பிராட்ஃபோர்டின் கோல் விழுந்தது. 78-க்கு 77 என்று ஒரே புள்ளியில் வால்சால் நாலாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது.

பிளே-ஆஃபில் 4-ம் இடம் 7-ம் இடத்தோடும், 5-ம் இடம் 6-ம் இடத்தோடும் இரண்டு ஆட்ட அரையிறுதி ஆடும். வென்றவை வெம்ப்ளியில் ஒரே ஆட்டத்தில் மோதும். நாலாம் இடத்துக்குக் கூடுதல் சலுகை என்று பார்த்தால் அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம் சொந்த ஊரில் கிடைப்பது மட்டும்தான். 2024-ல் ஏழாவதாக முடித்த க்ராலி, மில்டன் கீன்ஸ் அணியை இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து 8–1 என்று நொறுக்கி, வெம்ப்ளியில் க்ரூவையும் 2–0 என்று வென்று ஏறியது. 2025-ல் வால்சால் வெம்ப்ளி வரை வந்து, விம்பிள்டனிடம் 1–0 என்று தோற்றது. ஆகவே பிளே-ஆஃபைக் கணிக்க 46 ஆட்டச் சராசரியைவிடக் கடைசிப் பத்து ஆட்டச் சராசரியையும், யார் காயத்தில் இருக்கிறார்கள் என்ற குறிப்பையும் பாருங்கள்.

அதற்கடுத்த சில நாட்களில் கிளப் தன் தக்கவைப்புப் பட்டியலை வெளியிடும். அதில் நான்கு பகுதி இருக்கும்: ஒப்பந்தம் தொடர்பவர், புது ஒப்பந்தம் முன்வைக்கப்பட்டவர், பேச்சுவார்த்தையில் இருப்பவர், விடுவிக்கப்பட்டவர். கடன் வீரர்கள் தாய் கிளப்புக்குத் திரும்பியிருப்பார்கள். ஜூலையில் எழுதிய பட்டியலை எடுத்து, போனவர்களை அடித்துவிட்டு, எந்த இடத்துக்கு ஆள் இல்லை என்று குறியுங்கள். இரண்டு சென்டர்-பேக்கும் போயிருந்தால் கிளப் கோடையில் முதலில் யாரைத் தேடும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.